கண்ணுக்கு ஒரு வெள்ளியும் செலவழிக்காதே

தர்ஷினிக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் தொடங்கப் போவதில்லை. காலையில்தானே போனில் பேசினோம். என் முழங்கால் வலியும், ரவாங்கில் உன் தொழிற்சாலை கேன்டீன்காரன் போட்ட மீன்குழம்பும் பேசித் தீர்ந்த கதை. போனில் சொல்ல வாய் வராத ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். வெள்ளிக்கிழமை லோகன் ஏதோ ஏர்கான் வேலையாக கெர்லிங் பக்கம் வருகிறாராம். அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் அவர் பிரித்துப் படித்தால் படிக்கட்டும். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் என்பதால் மட்டும் இல்லை, அவர் படித்தே ஆக வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை ஸ்டேஷனரி கடையில் கொடுத்துத் தாளில் அடித்து வாங்கினேன். கடைக்காரர் முதல் வரியைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'துப்பாக்கி, இருபத்திரண்டாயிரம் வெள்ளி.' இரண்டாவது வரி, 'கோச், பத்து வகுப்பு பேக்கேஜ், ஆறாயிரம்.' மூன்றாவது வரி, 'கண் லேசர், எட்டாயிரம்.' அதற்குக் கீழே, 'மீதி இருந்தால் தோட்டா, தட்டு, கோட்டு.' மொத்தம் நாற்பதாயிரம். அப்புறம் ஒரு குரல் பதிவு. "அம்மா, என் கண்ணு ஸ்லோன்னு உனக்கே தெரியும்லா. அதை ஃபர்ஸ்ட் சரி பண்ணிட்டுத்தான் மத்தது. அடுத்த மாசம் கிளினிக்ல டேட் குடுத்துட்டாங்க." அந்தப் பதிவை நான் ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். மூன்றாவது வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கிளினிக்கில் நீ கையெழுத்துப் போடுவதற்குள் இதைப் படித்து முடித்துவிடு. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன். நேராக அங்கே போக எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால் சுற்றித்தான் போவேன், பொறுத்துக்கொள்.

முதலில் காசைப் பற்றி. உன் அம்மா சந்தேகப் பிராணி என்று ஊருக்கே தெரியும். மார்க்கெட்டில் மீன் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீன்காரன் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். உன் ஜாதகத்தைப் பார்க்கப் போன இடத்தில், செத்துப்போன உன் அப்பாவின் ஜாதகத்தை முதலில் கொடுத்து, "இவருக்கு எப்பங்க பதவி உயர்வு வரும்?" என்று கேட்டேன். அடுத்த வருஷம் நிச்சயம் என்றார் ஜோசியர். தட்சிணையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இது பிறவிக் குணம் இல்லை, கற்றுக்கொடுத்தார்கள். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, ஆபீஸ் கிராணி என் அப்பாவிடம் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு சைன்தான்லா பெரியவரே" என்றார். அந்தச் சும்மா சைனில்தான் வீடு போனது. அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் சும்மா என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவோம். அப்படிப்பட்டவளிடம் நீ வந்து, "மண்டபம், ஆயிரம் பேர் சாப்பாடு ஒண்ணும் வேணாங்கிறாரும்மா லோகன். கோயில்ல தாலி கட்டிக்கிட்டு அந்தக் காசை என் ஷூட்டிங்குக்குத் தர்றாராம்" என்று சொன்னால் நான் என்ன நினைப்பேன்? பொண்ணுக்குத் தாலிச்சங்கிலி போடுகிற மாப்பிள்ளை உண்டு. பழைய புரோட்டோன் காரைத் தலையில் கட்டுகிற மாப்பிள்ளையும் உண்டு. துப்பாக்கி வாங்கித் தருகிற மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதே இல்லை. வெளுத்ததெல்லாம் பாலா என்ன?

உனக்குச் சொல்லவில்லை, நான் சுங்கை ஆயர் தாவாருக்கே போய்வந்தேன். இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு கிராப் கார் பிடித்து, லோகன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இறங்கி, தேங்காய் வாங்க வந்தவள் மாதிரி பையோடு நடந்தேன். அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் என்று எண்ணம். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் அம்மா என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "சம்மந்தியம்மா, உள்ள வாங்க. தேங்காய் இங்கயே இருக்கு, விசாரிக்கிறதையும் இங்கயே விசாரிச்சுக்கலாம்" என்றார். நிச்சயதார்த்தத்தில் பக்கத்தில் நின்ற முகம் ஒருவருக்கு மறக்குமா? எனக்கு மானம் போயிற்று. காப்பி கொடுத்தார்கள். லோகனும் இருந்தார். அங்கே அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். கெர்லிங்குக்கும் கலும்பாங்குக்கும் நடுவில் அந்தச் சுடும் மைதானம் வந்த நாளிலிருந்து நான் அங்கேதான் இருக்கிறேன். முதலில், வானத்தில் பறக்கவிட்டுச் சுடுகிற தட்டுகள் உடைந்து விழுவதைக் கூட்ட எடுத்தார்கள். அப்புறம் குழிக்குள் இறங்கி இயந்திரத்தில் தட்டு அடுக்கினேன். அப்புறம் பதினோரு வருஷம் பட்டன். சுடுகிறவர் தட்டை விடச் சொல்லி இங்கிலீஷில் "புல்!" என்று கத்தியதும் நான் அமுக்குவேன், குழியிலிருந்து தட்டு பறக்கும். இப்போது கேன்டீன். துப்பாக்கியை நான் ஒரு நாளும் தோளில் வைத்ததில்லை. ஆனால் பணம் வைத்திருக்கிறவர்கள் இந்த விளையாட்டில் எப்படிப் பணத்தைத் தொலைக்கிறார்கள் என்பதை என்னைவிடக் கிட்டத்தில் நின்று பார்த்தவர் யாரும் இல்லை.

துப்பாக்கியை முதலில் வாங்காதே. அதுதான் எல்லாரும் செய்கிற முதல் தப்பு. ஒரு வழக்கறிஞர் வந்தார், ஞாபகம் இருக்கிறதா, வாத்து செதுக்கிய துப்பாக்கி வைத்திருந்தாரே. தோளில் வைக்கிற கட்டை வால்நட் மரம், வெள்ளித் தகட்டில் இரண்டு வாத்து பறக்கும். கடைக்காரன் சொன்னான் என்று வாங்கிவிட்டார். அவர் கழுத்து நீளம், கட்டை குட்டை. ஒவ்வொரு வேட்டுக்கும் கட்டை கன்னத்தில் இடித்தது. இரண்டாவது வாரம் அவர் மனைவி மைதானத்துக்கு வந்து, "ஆன்ட்டி, உண்மையச் சொல்லுங்க, இங்க வேற யாராச்சும் பொம்பளை வர்றாளா? இவர் கன்னத்துல யார் அறைஞ்சது?" என்று கேட்டார். நான் வாத்தைக் காட்டினேன். அந்தத் துப்பாக்கி இப்போது ஆயுத அறையில் பூட்டிக்கிடக்கிறது, தோட்டா வாங்க அவருக்கு மனசு வரவில்லை. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம். நீ கிளப் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுடு. நாலைந்து மாதிரி சுட்டுப் பார். கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றி, பிறகு கண்ணைத் திற. குழாயின் மேல் பார்வை தானாக நேராக விழுகிறதா என்று பார். விழாவிட்டால் அது உன் துப்பாக்கி இல்லை, வாத்து இருந்தாலும் சரி, மயில் இருந்தாலும் சரி. அதற்குள் லைசன்ஸுக்கு எழுதிப் போடு. அது எப்போது வரும் என்று தேதி சொல்கிறவனை நம்பாதே. வருகிறபோது பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி, கட்டையை உன் அளவுக்கு வெட்டவோ ஒட்டவோ செய்துகொள். பாதிப் பணம் அங்கேயே மிஞ்சும்.

கோச்சுக்கு மொத்தமாகக் கொடுக்காதே. பத்து வகுப்புக்கு முன்பணம் வாங்குகிறவர் நாலாவது வகுப்பில் போனைப் பார்க்க ஆரம்பிப்பார். இது சந்தேகம் இல்லை, கண்ணால் பார்த்தது. ஒரு வகுப்பு, ஒரு கூலி. முதல் நாள் நீ சுடுவதற்கு முன், அவர் வேறு ஒருவருக்குச் சொல்லித்தருவதைத் தள்ளி நின்று பார். தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற கோச் வேண்டாம். சுடுகிறவரின் காலையும் தோளையும் பார்க்கிறவர் வேண்டும். நீ 'மீதி இருந்தால்' என்று எழுதியிருக்கிறாயே, தோட்டாவும் தட்டும், அதைத் தூக்கி முதல் வரியில் போடு. இந்த விளையாட்டே அந்த இரண்டும்தான். ஆடி அமாவாசைக்கு ஒரு தரம் கோயிலுக்குப் போகிறவர் மாதிரி ஒரே நாளில் இருநூறு சுட்டுவிட்டு இரண்டு மாதம் வராதவர்கள் யாரும் தேறியதில்லை. வாரத்துக்கு ஐம்பது, விடாமல், வருஷம் முழுக்க. ஒரே வகைத் தோட்டா. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காதில் ஓதினால், ஏன் மலிவு என்று கேள். வெள்ளத்தில் நனைந்த பெட்டியாக இருக்கும்.

காதுக்குச் செலவழி. நல்லதாக, உள்ளே ஒன்று, மேலே ஒன்று. ஆரம்பத்தில் எனக்குக் கொடுத்த காது மூடி வேர்வையில் கசகசத்தது, கழற்றி வைத்துவிடுவேன். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது இடது காதில் சில்வண்டு குடியிருக்கிறது. கூப்பிட்டால் நான் திரும்பவில்லை என்று கோபித்துக்கொள்வாயே, கொழுப்பு இல்லை கண்ணு, அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டிருப்பாய். கண்ணாடிக்கும் செலவழி, உடைந்த துண்டு கண்ணில் தெறிக்காமல் இருக்க. கலர் கலராகப் பத்து ஜோடி விற்பார்கள், ஒன்று போதும். கோட்டு வேண்டாம், உன் பழைய சட்டையில் இரண்டு பெரிய பாக்கெட் நான் தைத்துத் தருகிறேன்.

இனி மூன்றாவது வரி. சுற்ற வேறு இடம் இல்லை.

பதினோரு வருஷம் பட்டன் அமுக்கியதோடு, ஒவ்வொரு சாயங்காலமும் உடைந்த தட்டுகளைப் பொறுக்கியவள் நான். களிமண் தட்டு என்பார்கள், அதில் களிமண்ணே கிடையாது, தாரும் சுண்ணாம்புத் தூளும் கலந்தது. அதிலேயே ஒரு ஏமாற்று. அது போகட்டும். ஓரத்தில் பட்டால் தட்டு இரண்டு மூன்று துண்டாக விழும். நடுவில் பட்டால் துண்டே கிடைக்காது, வானத்தில் கறுப்புப் புகையாகிவிடும். பத்தொன்பது வயதில், காலேஜுக்கு இடம் கிடைக்கக் காத்திருந்த அந்த எட்டு மாதம், துப்பாக்கி அறை பார்த்துக்கொண்ட மணியம் அண்ணன் உனக்குச் சொல்லித்தந்தார். நீ சுட்ட நாளில் எனக்குப் பொறுக்க வேலையே இருக்காது. புகைதான். மணியம் அண்ணன், "தங்கச்சி, ஒம் மகளுக்கு இருக்கிறது கண்ணா, பருந்தா?" என்பார். எனக்குத் தலைகால் புரியாது. உன்னிடம் காட்டிக்கொள்ள மாட்டேன், திருஷ்டி என்று பயம்.

அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து தேர்வுக்கு ஆள் வந்தார்கள். ஒரு கோச், கறுப்புக் கண்ணாடி போட்டவர். மாநில அணிக்கு இளம் பெண்கள் இரண்டு பேர் வேண்டும், தேர்வானால் அங்கே ஹாஸ்டலில் தங்கிப் பயிற்சி. நாலு பெண்கள் வந்திருந்தீர்கள். ஒவ்வொருவராக, ஆளுக்கு இருபத்தைந்து தட்டு. நீ மூன்றாவது. பட்டன் என் கையில். முதல் பத்தும் புகை. பின்னால் உட்கார்ந்திருந்த அந்த கோச் எழுந்து என் பக்கத்தில் வந்தார். "ஆன்ட்டி, உங்க மகளா? அப்பா இல்லைன்னு சொன்னாங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும்தானா வீட்டுல?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே போய் போனை எடுத்தார்.

அவ்வளவுதான் அவர் கேட்டது. அனுமதித் தாளில் யார் கையெழுத்துப் போடுவது என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருப்பார். எனக்கு அது இன்று தெரிகிறது. அன்று எனக்கு உன் சின்னம்மாதான் கண்ணில் வந்து நின்றாள். அவளையும் இப்படித்தான் ஒருவர் வந்து கேட்டார். நல்ல வேலை, கோலாலம்பூரில் ஹாஸ்டல், வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று. எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. இன்றுவரை ஆண்கள் உட்கார்ந்திருக்கிற அறையில் அவள் உட்கார மாட்டாள். "சின்னம்மாவுக்கு என்னம்மா பிரச்சினை?" என்று நீ சிறு வயதில் கேட்பாய், நான் உன்னை அதட்டுவேன்.

பதினோராவது தட்டுக்கு நீ "புல்!" என்று கத்தினாய். நான் உடனே அமுக்கவில்லை.

முழு மூச்சு கூட இல்லை, அரை மூச்சு. அதற்குள் உன் குழாய் தட்டைத் தேடி நகர்ந்துவிட்டது. தட்டு வந்தபோது நீ வேறு எங்கோ இருந்தாய். தவறியது. பன்னிரண்டாவதும் அப்படித்தான். பதின்மூன்றாவதுக்குச் சரியாக அமுக்கினேன், ஆனால் நீ இப்போது தாமதத்தை எதிர்பார்த்து நின்றாய், அதுவும் போயிற்று. பிறகு ஒன்றுக்குச் சீக்கிரம், ஒன்றுக்குத் தாமதம் என்று மாற்றி மாற்றி அமுக்கினேன். கை நடுங்கி அப்படி ஆனது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை தர்ஷினி. பதினோரு வருஷத் தொழில், என் விரலுக்கு அரை மூச்சு எவ்வளவு என்று தெரியும். மீதி பதினைந்தில் நாலுதான் உனக்கு விழுந்தது.

அந்த வழக்கறிஞர் இருந்தாரே, தன் தப்புக்கெல்லாம் கையைத் தூக்குவார். "ஆன்ட்டி, ஸ்லோலா! வேற தட்டு!" என்று கத்துவார். சட்டப்படி சுடுகிறவருக்கு அந்த உரிமை உண்டு. கத்தியதும் தட்டு வரவில்லை என்றால் சுட வேண்டியதில்லை, கையைத் தூக்கினால் போதும், வேறு தட்டு கொடுக்க வேண்டும். மணியம் அண்ணன் எல்லாருக்கும் முதல் நாளே சொல்லித்தருவது அதைத்தான், உனக்கும் சொல்லித்தந்தார். நீ பதினைந்து தட்டிலும் ஒரு தடவை கூடக் கையைத் தூக்கவில்லை. ஒரே ஒரு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். நான் தலையை ஆட்டி, சுடு சுடு என்றேன். நீயும் திரும்பிச் சுட்டாய். பட்டன் அம்மா கையில் இருக்கும்போது உனக்கு எதற்குச் சந்தேகம் வரும்?

முடிந்ததும் அந்த கோச் உன்னிடம் வந்து, தொடக்கம் நன்றாக இருந்தது, அப்புறம் கண் கொஞ்சம் ஸ்லோ ஆகிவிட்டது, பரவாயில்லை என்று தன்மையாகத்தான் சொன்னார். நீ சிரித்துக்கொண்டே, "ஆமா, என் கண்ணு ஸ்லோ" என்றாய். கலும்பாங்கில் இறங்கி உனக்கு மீ கோரெங் வாங்கித் தந்தேன். நீ முழுவதும் சாப்பிட்டாய், என் பங்கையும் உன் பக்கம் தள்ளினேன். மணியம் அண்ணன் மட்டும் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல், "பட்டன் பழசு தங்கச்சி, ஒட்டிக்கிது போலருக்கு" என்றார். "ஆமாண்ணே" என்றேன். அன்றே புதுப் பட்டன் போட்டார். பழைய பட்டனில் ஒரு கோளாறும் இல்லை, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பயத்தில்தான் செய்தேன் என்று சொன்னால் பாதி பொய். பயம் இருந்தது. அதோடு, நீ போய்விட்டால் நான் மட்டும் அந்த வீட்டில் யாருக்குச் சோறு பொங்குவேன் என்ற நினைப்பும் இருந்தது. எது முன்னால் வந்தது என்று ஒன்பது வருஷமாக யோசிக்கிறேன், தெரியவில்லை. உன் வயதில் வேறு ஒரு பெண்ணை அவர் அழைத்துப்போனார். நாலு வருஷம் கழித்து அந்தப் பெண் கேன்டீனுக்கு வந்தாள். அங்கே எல்லாம் ஒழுங்குதானா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "எல்லாம் ஓகே ஆன்ட்டி. சாப்பாடுதான் மோசம்" என்றாள். அவளுக்கு டீ கலக்கும்போது சர்க்கரை எத்தனை கரண்டி போட்டேன் என்றே எனக்கு நினைவில்லை. சந்தேகப்பட்டது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். சந்தேகம் வந்தால் அந்த ஆளின் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். ஹாஸ்டல் எங்கே, யார் பொறுப்பு, நான் வந்து பார்க்கலாமா என்று. இல்லை, உன்னிடமாவது போகாதே என்று சொல்லி, நீ அழுது சண்டை போட்டிருந்தால் அதையாவது வாங்கிக்கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் யாரிடமும் ஒன்றும் கேட்காமல், உன் கண் மேல் பழியைப் போட்டேன். மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு அடித்தேன், மறுபடி எழுதுகிறேன். மன்னித்துவிடு.

இப்போது லோகன் சொன்னது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவரிடம் நேராகவே கேட்டேன். அந்தப் பாடத்தையாவது கற்றிருந்தேன். "தம்பி, நாப்பதாயிரம் வெள்ளி. இதுல ஒங்களுக்கு என்ன லாபம்?" அவர் சிரிக்கவில்லை. "அத்தை, கோலசிலாங்கூர் ஃபன்ஃபேருக்குப் போனோம்ல. அங்க பலூன் சுடுற கடையில இவ பத்துக்குப் பத்து அடிச்சா. கடைக்காரரே கைதட்டினாரு. இவ என்னடான்னா பொம்மையக் கூட வாங்காம, 'சும்மா லக்கி, என் கண்ணு ஸ்லோ'ங்கிறா. இப்படிக் கண்ணு வச்சிக்கிட்டு ஒருத்தி இதை எப்படி நம்புறா? யாரோ இவகிட்ட பொய் சொல்லியிருக்காங்க. யாரு, எதுக்குன்னு எனக்குத் தெரியாது. இவ திரும்பச் சுட்டா அது பொய்னு இவளுக்கே தெரிஞ்சிரும். அதுக்குத்தான் காசு." எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. அவர் அம்மா என் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்றார். நான் உளவு பார்க்கப் போன வீட்டில் என்னையே தேடிக்கொண்டிருந்தார்கள்.

லோகன், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அந்த 'யாரோ' நான்தான். உங்கள் மேல் எனக்கு இருந்த சந்தேகம் முக்கால்வாசி தீர்ந்தது. மீதிக் கால்வாசியை நான் சாகும்வரை வைத்துக்கொள்வேன், அது மாமியார் பங்கு.

கிளினிக்குக்குப் போன் போட்டு அந்தத் தேதியை வேண்டாம் என்று சொல் தர்ஷினி. டாக்டர் மேல் குறை இல்லை. உன் கண்ணில் சின்ன பவர் இருக்கிறது, கார் ஓட்டும்போது கண்ணாடி போடுகிறாய், அந்தப் பவரை எடுக்க வேண்டும் என்று பிறகு என்றைக்காவது தோன்றினால் செய்துகொள். ஆனால் ஸ்லோ என்பதற்காக எந்தக் கத்தியும் ஒளியும் உன் கண்ணைத் தொடக் கூடாது. இல்லாத வியாதிக்கு எட்டாயிரம் கொடுப்பது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது. அந்த வியாதியை வைத்தவளே சொல்கிறேன். எட்டாயிரத்தைத் தோட்டாவில் போடு. நம் மைதானத்தில் இப்போது பட்டன் இல்லை, மைக் வைத்திருக்கிறார்கள். நீ கத்தியதும் தட்டு தானே பறக்கும், அதற்கு அப்பா இல்லாத பெண்களைப் பற்றிக் கவலையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வா. கிளப் துப்பாக்கியை எடு, இருபத்தைந்து சுடு. நான் வாசலுக்கு வர மாட்டேன், கேன்டீனுக்குள்ளேயே இருப்பேன். சத்தத்தை வலது காதால் எண்ணிக்கொள்வேன். சாயங்காலம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன், பொறுக்க ஏதாவது கிடக்கிறதா என்று.

நீ வராமலும் போகலாம். இதைப் படித்தபின் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு மைதானத்துக்குப் போகலாம். அதற்கும் உனக்கு உரிமை இருக்கிறது. இன்னும் சில இடங்களில் பட்டன்தான் வைத்திருக்கிறார்கள், யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே நீ "புல்!" என்று கத்தி, தட்டு அரை மூச்சு தாமதமாக வந்தால், உன் கண் மேல் சந்தேகப்படாதே. சுடாதே. திரும்பிப் பார்த்து யாரிடமும் தலையாட்டலும் கேட்காதே. கையைத் தூக்கு. பட்டனைப் பிடித்திருப்பது அம்மாவாகவே இருந்தாலும் கையைத் தூக்கு.

அம்மா
கெர்லிங்